தண்ணீர் வடிந்த பிறகு வருகிறவர்

அவரைப் போலக் காதுகொடுத்துக் கேட்கிற மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. அதனாலேயே அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்காதவனிடம் கத்தலாம், ஏசலாம், மூஞ்சியில் அடித்த மாதிரி கதவைச் சாத்தலாம். இவரிடம் அதெல்லாம் செல்லாது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நாம் சொல்வதை முழுக்கக் கேட்பார். நடுவில் கைப்பேசி அடித்தால் எடுக்க மாட்டார். நாம் முடித்ததும், நாம் சொன்னதையே நம்மைவிட அழகாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, "நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனாம்மா?" என்று கேட்பார். "ஆமா சார்" என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, சோற்றை வடித்துச் சாப்பிட உட்காரும்போதுதான் ஒன்றுமே நடக்கவில்லை என்பது உறைக்கும்.

அரசாங்கத் துறை ஒன்றில் சுற்றுச்சூழல் அதிகாரியாக இருந்தார். துறை எங்கேயாவது எதையாவது கட்டுவதற்கு முன்னால், கட்டினால் அந்த இடத்துக்கும் அங்கே குடியிருக்கிற மனிதர்களுக்கும் என்ன ஆகும் என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. பெயர் நன்றாகவே தெரியும். ஆனால் எங்கள் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'பாடம் சார்' என்றுதான் சொல்லுவோம். எதிர் வீட்டு ஆட்டோ அண்ணன் வைத்த பெயர் அது. எது உடைந்தாலும், எது மூழ்கினாலும், அவர் வந்து பார்த்துவிட்டு, "இது நமக்கெல்லாம் ஒரு பாடம்" என்று சொல்லுவார். அதைச் சொல்லும்போது முகத்தில் உண்மையாகவே ஒரு பணிவு இருக்கும். நடிப்பாக இருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன்.

எங்கள் தெரு கொரட்டூருக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. குவார்ட்டர்ஸில் இருந்தே காலத்தை ஓட்டியிருக்கலாம். சொந்த வீடு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான்தான். கடன் போட்டுக் கட்டிய வீடு. முன்னறையில் தையல் கடை. எனக்குக் கீழே இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். கல்யாணப் பிளவுஸ், ஆரி வேலை, பள்ளிச் சீருடை எல்லாம் எடுப்பேன். அந்த முன்னறைதான் எங்கள் மூன்று குடும்பத்துக்கும் சோறு.

தெருவுக்குப் பின்னால் ஒரு தாங்கல். கோடையில் பார்த்தால் வெறும் பொட்டல். பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், நாலு எருமை மேயும். ஐப்பசி, கார்த்திகையில் பக்கத்து ஏரி நிறைந்து, உபரித் தண்ணீர் வெளியேறுகிற கலங்கல் வழிந்தால் அந்தத் தண்ணீர் முழுக்க அங்கேதான் போய்ப் பரவி நிற்கும். அங்கே போக வழியில்லாவிட்டால் எங்கள் முன்னறைக்கு வரும். இந்த ஒரே ஒரு விஷயத்தை ஒரே ஒரு மனிதருக்குப் புரியவைக்க நான் வருடக்கணக்கில் தொண்டை கிழியப் பேசினேன். அவருக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டே பேசினேன்.

முதல் அடி சாலையில் ஆரம்பித்தது. தாங்கலுக்கும் தெருவுக்கும் நடுவே இருந்த மண் பாதையைத் துறை மேடாக்கித் தார் போட்டது. தண்ணீர் கடந்து போக அடியில் குழாய்கள் பதித்தார்கள். அந்த வருடம் கலங்கல் வழிந்தபோது குழாய்களின் அகலம் போதவில்லை. சாலை அணை மாதிரி நின்றுகொள்ள, தண்ணீர் திரும்பித் தெருவுக்குள் வந்தது. மெஷின்களைத் தூக்கி மேலே வைப்பதற்குள் மோட்டார்கள் நனைந்துவிட்டன. ஒரு கல்யாண வீட்டுப் பட்டுப் பிளவுஸ்கள் அத்தனையும் சாயம் இறங்கி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. கல்யாணப் பெண்ணின் அம்மா வந்து வாசலில் நின்று அழுதாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தண்ணீர் வடிந்து, சேறு காய்ந்து, தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடிகிற அளவுக்கு ஆன பிறகு அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், கையில் எழுதும் அட்டை. என் முன்னறைச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு விழுந்திருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார். படம் எடுத்துக்கொண்டார்.

"குழாயோட அகலம் பத்தலைம்மா. தப்பு எங்க மேலதான். இது நமக்கெல்லாம் ஒரு பாடம்."

அரசாங்க மனிதர் ஒருவர் தப்பு எங்கள் மேல்தான் என்று வாயால் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். நெஞ்சு நிறைந்துபோயிற்று. உள்ளே ஓடிப் போய் டிகாக்‌ஷன் புதிதாக இறக்கிக் காபி போட்டுக் கொடுத்தேன். ரசித்துக் குடித்தார். சாயந்திரம் வீட்டுக்காரர் வந்ததும், ரொம்ப நல்ல மனுஷன் என்று அவரைப் பற்றி அளந்தேன்.

"சரி, பைப்பை மாத்துறேன்னு சொன்னாரா?"

"அப்படிச் சொல்லல."

"பின்ன என்னதான் சொன்னாரு?"

"பாடம்னாரு."

வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு ஒருநாள் நானே துறை அலுவலகத்துக்குப் போய் அவரைக் கேட்டேன். இந்தச் சாலை முடிந்துபோன வேலை, இதற்கு இனிமேல் அனுமதி வாங்க முடியாது, ஆனால் இந்தப் பாடத்தைக் கட்டாயம் அடுத்த சாலையில் பயன்படுத்துவோம் என்றார். அடுத்த சாலை எங்கே வருகிறது என்று கேட்டேன். பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் என்றார். மூழ்கியது நான், பாடம் யாருக்கோ. அந்தக் குழாய்கள் இன்றைக்கும் அதே அகலத்தில்தான் கிடக்கின்றன.

என் சுவர்க் கோட்டை மட்டும் அவர் விடவில்லை. இளம் அதிகாரிகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறேன், நீங்கள் அவசியம் வந்து பேச வேண்டும் என்று ஒருநாள் வண்டி அனுப்பினார். குளிர்சாதன அறை. திரையில் என் முன்னறைச் சுவர் ஆளுயரத்துக்கு நின்றது. அடுத்த படத்தில் ஒரு வட்டம். திட்டமிடு, கட்டு, கவனி, கற்றுக்கொள் என்று வட்டத்தைச் சுற்றி அம்புக்குறிகள் ஓடின. ஆய்வு அறிக்கை என்பது அனுமதி வாங்குகிற காகிதம் இல்லை, ஒரு துறை தன்னைத்தானே திருத்திக்கொள்கிற பள்ளிக்கூடம் என்று கண்கள் மின்னப் பேசினார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். "நம்ம துறைக்கே சொல்லிக் கொடுத்த டீச்சர் இவங்கதான்" என்று என்னை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்.

நான் மைக்கைப் பிடித்து ஒன்றே ஒன்று கேட்டேன். "சார், அந்த அம்பு சுத்திக்கிட்டே இருக்கே, எங்க வீட்டுப் பக்கம் எப்ப சார் வரும்?"

அறையே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாக அவர்தான் சிரித்தார். "பார்த்தீங்களா, இந்தக் கேள்வியே நமக்கு ஒரு பாடம்" என்றார். அடுத்தடுத்த வகுப்புகளில் அந்தக் கேள்வியைத் தானே சொல்லிச் சிரிக்கவைக்கிறார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். பொன்னாடையை ஓவர்லாக் மெஷினுக்கு மூடுதுணியாகப் போட்டேன். அதற்கு அது சரியாக இருந்தது.

அதன் பிறகுதான் தாங்கலில் பேருந்துப் பணிமனை வரப்போகிறது என்ற செய்தி வந்தது. மண் கொட்டி மேடாக்கி, சிமென்ட் தளம் போட்டு, சுற்றிலும் மதில் எழுப்பப்போகிறார்கள். சாலை போட்டதற்கே சுவரில் கோடு விழுந்தது. தாங்கலையே மூடினால் அந்த முன்னறையில் கடை நடத்தவே முடியாது. வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்றால், கோடு விழுந்த வீட்டை யார் வாங்குவார்கள்?

ஆய்வு செய்ய அவர்தான் வருகிறார் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கோட்டைத் தொட்டுப் பார்த்தவர் ஆயிற்றே.

ஆய்வுக்கு அவர் சித்திரையில் வந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆட்டோ அண்ணன் வீட்டு மொட்டைமாடியில் தூசி அளக்கிற கருவியை வைத்தார்கள்; அது ராப்பகலாக உறுமிக்கொண்டிருந்தது. இரைச்சல் அளந்தார்கள். பறவை எண்ணினார்கள். தாங்கலில் இறங்கிக் குழி தோண்டிப் பார்த்தார்கள். மண் பொடிப்பொடியாக வந்தது. எருமைகள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தன.

ஆட்டோ அண்ணன் பரம்பரையாக இந்த ஊர்க்காரர். அவருடைய தகப்பனார் காலத்து வயல் தாங்கலை ஒட்டித்தான் இருந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் குழியின் விளிம்பில் போய் நின்றார்.

"இன்னா சார், சித்திர மாசத்துல வந்து தண்ணி எங்க, தண்ணி எங்கன்னு தேடிக்கினு கீற? கார்த்தியில வா சார். நீ தேடவே வேணாம். அதுவே உன்னத் தேடிக்கினு வரும்."

அவர் அதையும் தலை சாய்த்துக் கேட்டார். "அருமையா சொன்னீங்கண்ணே" என்று அட்டையில் எழுதிக்கொண்டார். நான் விடவில்லை.

"அண்ணன் சொல்றது நெசம் சார். மழையில ஒரே ஒரு நாள் வந்து பாருங்க. நானே கூட்டிட்டுப் போய்க் காமிக்கிறேன்."

"எனக்கும் ஆசைதான்மா. ஆனா ரூல்ல மழைக்காலம் தவிர ஏதாவது ஒரு பருவத்துல அளந்தா போதும்னு இருக்கு. எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க."

"மழையில வரக்கூடாதுன்னு ரூலா சார்?"

"வரக்கூடாதுன்னு இல்ல. வரணும்னும் இல்ல."

மழையில் மூழ்குகிற ஊரை வெயிலில் அளக்கிற இந்த வேலை எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஜுரம் விட்ட பிறகு வந்து கையைப் பிடித்துப் பார்க்கிற வைத்தியரை யாராவது வைத்துக்கொள்வார்களா? ஆனால் அவருக்கு அதில் எந்தச் சங்கடமும் இருந்த மாதிரி தெரியவில்லை. மழைக்காலத் தரவு இல்லாதது ஒரு குறைதான், அதையும் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயமாக அறிக்கையில் சேர்க்கிறேன் என்றார். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தைச் சொல்லியாக வேண்டும். அவர் உண்மையிலேயே கற்றுக்கொள்கிறவர் என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். முதல் கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டு நடந்தது. தெருவே திரண்டு போயிருந்தோம். ஆட்டோ அண்ணன் மைக்கைப் பிடுங்கி, "தாங்கல்ல மண்ணு கொட்டினா நாங்க இன்னா கூரை மேலயா குந்திகினு கீறது? உன் ஊட்டுக்கு வந்துர்றோம், இடம் குடுப்பியா?" என்று ஆரம்பித்தவர் மைக்கைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. பெண்கள் மேடையைச் சுற்றி நின்றுகொண்டோம். பெரிய அதிகாரி பாதியில் எழுந்து காரில் ஏறிப் போய்விட்டார். கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். பாடம் சார் மட்டும் ஒரு மூலையில் நின்று, யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் முதலில் எழுந்தார்கள், எந்தக் கேள்விக்குக் கைதட்டல் வந்தது என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கூட்டத்துக்கு முந்தைய வாரம் அவர் வீடு வீடாக வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, "அன்னிக்கு உங்களைப் பேச விடாமப் போயிடுச்சு. என்ன கேக்கணும்னு நினைச்சீங்களோ அதை எங்கிட்டச் சொல்லுங்கம்மா" என்றார். நான் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். ஆட்டோ அண்ணனும் கொட்டியிருக்கிறார். தெருவே கொட்டியிருக்கிறது. அப்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? கூட்டத்துக்கு முன்னாலேயே பாதிக் கிணறு தாண்டிவிட்ட மாதிரி இருந்தது.

இந்த முறை கல்யாண மண்டபம். வேலைநாள், காலை நேரம். ஆண்களில் பாதிப் பேர் ஷிஃப்டுக்குப் போய்விட்டார்கள். மைக்கைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பேச டோக்கன். நேரம் முடிந்தால் மணி அடித்துவிடுவார்கள். பணிமனை வந்தால் பிள்ளைக்கு வேலை கிடைக்கும் என்று நம்பியவர்களுக்கு முதல் டோக்கன்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பாடம் சார் எழுந்து, நாங்கள் கேட்க இருந்த கேள்விகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தானே கேட்டு, தானே பதில் சொன்னார். பெயரோடு சொன்னார், மரியாதையோடு சொன்னார். எங்களைவிடத் தெளிவாகக் கேட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"நம்ம டெய்லர் அம்மா, மழையில வந்து பாருங்கன்னு கேட்டிருக்காங்க. அருமையான கேள்வி. இந்தத் திட்டத்துக்கு விதிப்படி தேவைப்படலைன்னாலும், எதிர்காலத் திட்டங்களுக்கு இதை ஒரு பாடமா எடுத்துக்கறோம்."

கைதட்டினார்கள். என் டோக்கன் வந்து நான் எழுந்து வாயைத் திறந்தபோது, "அதான் சார் சொல்லிட்டாரேம்மா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதே நேரத்தில் கேசரியும் வடையும் வந்தன. சனம் தட்டு வாங்கத் திரும்பிவிட்டது. என் கேள்வியை என் வாயிலிருந்தே எடுத்துக்கொண்டு போய்விட்டார் மனுஷன். மைக் முன்னால் நான் வெறும் வாயோடு நின்றேன். அந்த அவமானம் தண்ணீர் வந்ததைவிடப் பெரியது.

லஞ்சம் வாங்கினார் என்று அவரைப் பற்றி யாரும் சொன்னதில்லை. வாங்கியிருந்தால் திட்டுவதற்கு வசதியாக இருந்திருக்கும். மிரட்டியதில்லை, பொய் சொன்னதில்லை, என் வீட்டுக் காபியைக் குறை சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக எதையாவது கற்றுக்கொண்டுதான் போனார். மைக்கைக் கட்டிவைக்கக் கற்றுக்கொண்டார். வடை எப்போது வர வேண்டும் என்று கற்றுக்கொண்டார். தாங்கலைப் பற்றி மட்டும் இவருக்கு மண்டையில் ஏறவில்லையே என்று அப்போது தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த வருடம் ஐப்பசி கடைசியில் நல்ல மழை. அறிக்கை இன்னும் மேலே போகவில்லை என்று கேள்விப்பட்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ அண்ணன் எதிர் வீட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

"தங்கச்சி! இங்க வந்து பாரு! பாடம் சார் மழையில வந்துகீறாரு!"

என்னால் நம்ப முடியவில்லை. பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, குடையோடு தெருமுனைத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கூட ஆள் இல்லை, வண்டி இல்லை. ஞாயிற்றுக்கிழமை. விதியில் இல்லாத வேலையை லீவு நாளில் தனியாக வந்து செய்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனை என்னவெல்லாம் நினைத்தோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"நான் சொன்னேன்ல சார்! வாங்க, நானே காமிக்கிறேன்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். கலங்கல் தண்ணீர் எந்தச் சந்து வழியாக வருகிறது, குழாய் வாயில் எப்படிச் சுழல்கிறது, தாங்கலில் எதுவரை பரவுகிறது என்று தெருத்தெருவாக அழைத்துப் போனேன். கொட்டுகிற மழையில் தலை சாய்த்துக் கேட்டார். எவ்வளவு கேள்வி! இங்கே எத்தனை நாள் நிற்கும், சாக்கடை எந்தப் பக்கம் ஓடும், இந்த மதில் ஏன் ஊறியிருக்கிறது, போர்வெல் தண்ணீரில் சேறு கலக்குமா என்று குடைந்து குடைந்து கேட்டார். சித்திரையில் ஒரு வாரம் வந்து அளந்தபோது இதில் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கையில் அந்த எழுதும் அட்டையைக் காணோம். மழையில் நனைந்துவிடும் என்று கொண்டுவரவில்லை போல என்று நானே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன்.

"அப்போ இந்தப் பகுதியில தண்ணியே ஏறாத தெருன்னா எதும்மா?"

"மேட்டுத் தெரு சார். ஏரிக்கு அந்தாண்ட. எவ்வளவு மழை பெஞ்சாலும் வாசப்படியைக்கூட நனைக்காது."

எங்கள் தெருவோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து அங்கேயும் கூட்டிக்கொண்டு போனேன். மேட்டுத் தெருவில் வெகுநேரம் நின்றார். குனிந்து சாக்கடை மூடிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு வீட்டுக் காவலாளியிடம் பேச்சுக் கொடுத்தார். கிளம்பும்போது இரண்டு கையையும் கூப்பினார்.

"ரொம்ப நல்லா சொல்லிக் குடுத்தீங்கம்மா. இன்னிக்கு நிறைய கத்துக்கிட்டேன்."

அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம், "பணிமனை வராது, பாருங்க" என்று அடித்துச் சொன்னேன். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. அவருக்கும் நம்பிக்கை வந்திருந்தது.

மாசியில் அறிக்கை வெளியானது. பணிமனை அமையும் இடம் பயன்பாடற்ற வறண்ட நிலம், ஆய்வின்போது நீரோட்டம் காணப்படவில்லை என்று எழுதியிருந்தது. அவர் கையெழுத்து. அடுத்த மழைக்குள் லாரி லாரியாக மண் வந்து இறங்கியது, மதில் எழும்பியது. கார்த்திகையில் தண்ணீர் என் முன்னறைக்கு வந்து, பழைய கோட்டுக்கு மேலே, மெஷின் மேசைகளையும் தாண்டி, இன்னொரு கோடு போட்டுவிட்டுப் போனது. வேலைக்கு இருந்த பெண்களில் ஒருத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று. சேறு காய்ந்த பிறகு அவர் வந்தார். புதுக் கோட்டைத் தொட்டார். பாடம் என்றார். நான் காபி போடவில்லை. உள்ளே போய் மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டேன். அப்போதும் மழையில் நேரில் வந்து பார்த்தும் இப்படி எழுதிவிட்டாரே, மேலேயிருந்து என்ன நெருக்கடியோ என்று மனதின் ஒரு மூலையில் அவருக்காகச் சமாதானம் தேடிக்கொண்டிருந்த முட்டாள் நான்.

போன வருடம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். பட்டுப் பிளவுஸ் தைக்க வேண்டும் என்றாள். நல்ல பெண். நான் கழுத்து வைக்கிற விதத்தைச் சொன்னபோது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டாள். எங்கேயோ பார்த்த சாயலாக இருந்தது. வீடு எங்கேம்மா என்றேன்.

"மேட்டுத் தெரு ஆன்டி. கல்யாணத்தப்ப அப்பா வாங்கிக் குடுத்தாரு. அப்பா அந்தத் துறையில சுற்றுச்சூழல் ஆஃபிசரா இருந்து ரிடையர் ஆனவரு." துறையின் பெயரையும் சொன்னாள். "அவரு ரொம்ப கேர்ஃபுல் ஆன்டி. வெயில்ல பார்த்தா எல்லா வீடும் நல்லாத்தான் இருக்கும், மழையில வந்து பார்த்தாத்தான் வண்டவாளம் தெரியும்னு சொல்லுவாரு. ஞாயித்துக்கிழமை, கொட்டற மழை, குடையை எடுத்துக்கிட்டுத் தனியா வந்து தெருத்தெருவா நடந்து பார்த்திருக்காரு. இங்க யாரோ ஒரு லேடி கூடவே வந்து எல்லாத்தையும் காமிச்சாங்களாம். இன்னிவரைக்கும் எங்க வாசப்படிகூட நனைஞ்சதில்ல."

டேப் என் கையிலேயே இருந்தது. எந்த அளவு எடுக்க எடுத்தேன் என்பது மறந்துபோயிற்று. புரியாத மனிதருக்குப் புரியவைக்கிறேன் என்று எத்தனை வருடம் கத்தினேன்! அவருக்கு முழுக்கப் புரிந்திருக்கிறது. மழையில் வந்து பார்க்க வேண்டும் என்பதை என்னிடம்தான் கற்றுக்கொண்டிருக்கிறார். கற்றதைத் தன் மகளுக்குப் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, எனக்கு வறண்ட நிலம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன ஆன்டி இது, ரெண்டு கோடு?"

"தண்ணி வந்த கோடும்மா. உங்கப்பா ரெண்டையும் தொட்டுப் பார்த்திருக்காரு. மழையில அவரைக் கூட்டிட்டுப் போன லேடி நான்தான்."

அவள் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "அய்யோ, நீங்கதானா! ரொம்ப தேங்க்ஸ் ஆன்டி! அப்பாகிட்டச் சொல்றேன். பிளவுஸ் வாங்க வரப்ப அவரையே கூட்டிட்டு வரேன்."

இந்தப் பெண் மேல் எனக்கு என்ன கோபம்? கையைத் தூக்கச் சொல்லி அளவெடுத்தேன். தோள், கழுத்து, கை நீளம் எல்லாம் எடுத்து முடித்துவிட்டுச் சொன்னேன்.

"நல்லா தைச்சு வைக்கிறேன்மா. பிளவுஸ் வாங்க நீ மட்டும் வா. உங்கப்பாவைக் கூட்டிட்டு வராதே. அவர் வந்து உக்காந்தா, நான் சொல்றதையெல்லாம் நல்லா கேட்டுக்குவாரு. அதை இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது."